லைன் கிளியர்

செக்கானூரணி தாண்டி பதினோராவது கம்பம்.
லைன் கிளியர் வாங்கியாச்சு, ஸ்விட்ச் இறக்கியாச்சு,
மொக்கராசு கீழே நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான்.
கோழிப்பண்ணைக்காரன் ஜெனரேட்டர் போட்டது
எங்கள் இருவருக்கும் தெரியாது.
செத்த கம்பியில் பின்வாசல் வழியாக வந்தது கரண்ட்.
சாகவில்லை. விழுந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் நஸ்ரின்
ஊசியை நெஞ்சிலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வருகிறார்.
குத்துதா. குத்துது.
குத்துதா. குத்துது.
தொப்புளோடு என் ஊர் எல்லை முடிந்துவிட்டது.
அதற்குக் கீழே
வேறு எவனையோ குத்துகிறார்,
நான் வேடிக்கை பார்க்கிறேன்.

ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
தண்டுவடம் சுண்டுவிரல் கனம்தானாம். நீளம் ஒரு முழம்.
"பூக்காரி கை நீட்டி அளப்பாளே, அந்த முழமா?" என்றாள் செல்லத்தாய்.
கிட்டத்தட்ட அதே முழம்.
வெட்டிப் பார்த்தால் நடுவே சாம்பல் நிறத்தில்
ஒரு பட்டாம்பூச்சி,
சுற்றிலும் ஏறுகிற இழை, இறங்குகிற இழை, எல்லாம் வெள்ளை.
இடுப்புக்கு மேலேயே வடம் முடிந்து
குதிரை வால் மாதிரி பிரிந்து தொங்குமாம்.
நான் குதிரையைக் கண்டேனா?
பேரையூர்க் காட்டுக் குதிரைவாலிக் கதிரைத்
தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

"வயர் மாதிரி நினைச்சுக்கங்க" என்றார், எனக்குப் புரியட்டும் என்று.
அம்மா, வயரென்றால் நானே ஜாயிண்ட் போட்டிருப்பேன்.
பதினெட்டு வருசம், இருட்டில், அடைமழையில்,
பல்லால் தோலுரித்து முறுக்கியவன்.
அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.
பிறகு சொன்னார்:
நைந்த இடத்தில் தழும்பு கட்டிவிடும்.
இழை துளிர்த்து வந்தாலும் தாண்ட விடாது.

ஏழாவது வாரம்
சுத்தியலால் முழங்காலில் ஒரு தட்டு.
கால் எகிறியது!
அங்காள ஈஸ்வரி என்று வாயைப் பொத்திக்கொண்டாள் செல்லத்தாய்.
நஸ்ரின்தான் பாவம், அந்தச் சந்தோசத்தைக் கலைக்க வேண்டியிருந்தது.
தட்டின சேதி தண்டுவடம் வரைக்கும் போய்
அங்கேயே பதில் வாங்கித் திரும்பிவிட்டது.
தலைக்குப் போய்க் கேட்கவில்லை.
எல்லோருக்கும் அப்படித்தான்,
மேலேயிருந்து மூளை கொஞ்சம் அடக்கி வைத்திருக்கும்.
உங்களுக்கு அடக்க ஆளில்லை.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது.
எல்லாம் அணைத்த பிறகும் கம்பியில் துடித்ததே,
அது.

மூளையில் கால்களுக்கு இடம் உச்சியிலாம்.
இரண்டு பாதிகளும் முகத்தோடு முகம் பார்க்கிற பிளவுக்குள்.
இடப்பக்கத்து உத்தரவு வலக்காலுக்கு,
வலப்பக்கத்தது இடக்காலுக்கு,
முகுளத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகும்.
அந்த மேலிடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.
என் கால்கள் அங்கே இருக்கின்றன.
இரவில் அவற்றை மாட்டிக்கொண்டு ஏறுகிறேன்.
சித்திரை வெயில் ஏறிய கம்பம்
உள்ளங்காலில் சுடுகிறது.

பயிற்சிக்கு வரும் தம்பி
கட்டைவிரலை அசையுங்கள் என்கிறான்.
அசையாதேப்பா.
தெரியும், அனுப்புங்க என்கிறான்.
காலையில் நூறு, சாயங்காலம் நூறு, அனுப்புகிறேன்.
போய்ச் சேர்ந்ததா, நடுவழியில் நிற்கிறதா,
ரசீது வருவதில்லை.

நேற்று ராத்திரி வார்டில் கரண்ட் போனது.
அந்த இருட்டில் வலது கால் தானாகத் துள்ளி
சொம்பைத் தட்டிவிட்டது.
"யாருப்பா அது?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.
நானில்லை என்றேன்.
வெளியே ஜெனரேட்டரை யாரோ கிளப்புகிற சத்தம்.
பொறு, ஏத்தாதே, மேலே ஆள் இருக்கு என்று
கத்துவதற்கு வாய் திறந்தேன்.
விளக்கு எரிந்துவிட்டது.
தண்ணீர் கட்டிலுக்கடியில்
கதவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.